நாலு இலைச் சின்னத்துக்குப் பின்னால்

மகனுக்குப் போன குளிர்காலத்திலிருந்து ஒரே அடம், ஐஸ் ஹாக்கியில் சேர்த்துவிடச் சொல்லி. ஸ்கேட் விலையைக் கேட்டதற்கே எனக்குக் குளிர்ஜுரம் வந்துவிட்டது, அது வேறு கதை. கனடாவில் இத்தனை வருடம் இருந்துகொண்டு இந்த விளையாட்டைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லையே என்று ஜூனியர் அணிகளின் வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தேன். ஸ்விஃப்ட் கரண்ட் பிராங்கோஸ் அணியைத் தாண்டி நகர முடியவில்லை.

ஸ்விஃப்ட் கரண்ட், சஸ்காட்செவன் மாகாணத்தில் கோதுமை வயல்களுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊர். 1967இல் தொடங்கிய அணி, 1974இல் லெத்பிரிட்ஜுக்குப் போய்விட்டது. 1986இல்தான் திரும்ப ஊருக்கே வந்தது. அந்த டிசம்பர் 30ஆம் தேதி, ரெஜைனாவில் ஆட்டம். கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் படிந்த சாலையில், ஊர் எல்லையைத் தாண்டிய கொஞ்ச நேரத்திலேயே பஸ் சறுக்கிக் கவிழ்ந்தது. பின்சீட்டுப் பக்கம் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த நான்கு பையன்கள் இறந்தார்கள்: டிரென்ட் கிரெஸி, ஸ்காட் குரூகர், கிறிஸ் மன்டைகா, பிரென்ட் ரஃப். ரஃபுக்கு வயது 16. உயிர் தப்பியவர்களில் ஒருவர், பின்னாளில் பெரிய நட்சத்திரமான ஜோ சாகிக்.

இறந்த நால்வரின் நினைவாக அணி நாலு இலைச் சின்னத்தைச் சட்டையில் தைத்துக்கொண்டு தொடர்ந்து ஆடியது. 1989இல் லீக் பிளேஆஃபில் ஆடிய 12 ஆட்டத்திலும் வெற்றி. அப்புறம் சாஸ்கட்டூனில் நடந்த மெமோரியல் கோப்பை (ஜூனியர் ஹாக்கியின் உச்சக் கோப்பை) இறுதியாட்டத்தில், உள்ளூர் அணியான பிளேட்ஸை ஓவர்டைமில் 4-3 என்று வீழ்த்தியது. கோல் போட்டவர் டிம் டிஸ்டேல். பஸ் கவிழ்ந்து மூன்று வருடம்கூட ஆகவில்லை.

இந்த இடத்தில் நிறுத்தினால் நல்ல கதை. பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பையன்களைத் துக்கத்திலிருந்து மீட்டவர் என்று கோச் கிரஹாம் ஜேம்ஸைக் கொண்டாடினார்கள். 'ஹாக்கி நியூஸ்' இதழ் அவரை ஆண்டின் சிறந்த மனிதராகவே அறிவித்தது.

அந்த மனிதர்தான் ஷெல்டன் கென்னடியைப் பல வருடம் பாலியல் வன்கொடுமை செய்துகொண்டிருந்தார். கென்னடியும் அந்த பஸ்ஸில் இருந்தவர், அந்தக் கோப்பையை வென்றவர். அவர் 1996இல் வாய் திறந்தார். ஜேம்ஸுக்கு 1997இல் மூன்றரை வருடச் சிறை. 2007இல் சத்தமில்லாமல் அரசு மன்னிப்பும் கிடைத்துவிட்டது. 2010இல் அது வெளியே தெரிந்தபோதுதான் நாடே கொதித்தது. பிறகு வேறு வீரர்கள் சொன்ன புகார்களில் மறுபடியும் சிறை.

எனக்கு வயிற்றைப் பிசைந்த விஷயம் இன்னொன்று. விபத்துக்குப் பிறகு பையன்களுக்கு மனநல ஆலோசனை எதுவும் கிடைக்கவில்லை. வெளியார் உதவி வேண்டாம், நாமே பார்த்துக்கொள்வோம் என்று தடுத்தவர் ஜேம்ஸ். யாராவது பேச ஆரம்பித்தால் தன் வண்டவாளம் தண்டவாளம் ஏறிவிடும் என்ற பயம்தான் காரணம் என்று கென்னடி பின்னாளில் சொன்னார். ஊர் "மன உறுதி" என்று மெச்சியது இதைத்தான்.

ஜூனியர் ஹாக்கியின் அமைப்பே அப்படி. 16 வயதில் பையன் வீட்டை விட்டு வருகிறான். முன்பின் தெரியாத குடும்பத்தோடு தங்குகிறான், மணிக்கணக்கில் பஸ்ஸில் போகிறான். என்ஹெச்எல் என்ற பெரிய தொழில்முறை லீகில் ஆடும் கனவுக்கான சாவி ஒரே ஆளின் கையில். அவரைப் பற்றி யாரிடம் போய்ச் சொல்வான்? அதனால் கோப்பைக் கணக்கை மட்டும் எழுதி வைத்து அதை அணியின் வரலாறு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

2018இல் அதே மாகாணத்தில் ஹம்போல்ட் பிராங்கோஸ் என்ற வேறொரு ஜூனியர் அணியின் பஸ் விபத்தில் 16 பேர் இறந்தபோது, பழைய ஸ்விஃப்ட் கரண்ட் வீரர்கள் சிலர், கென்னடி உட்பட, அங்கே போய் நின்றார்கள். தங்களுக்குக் கிடைக்காததைக் கொடுக்கப் போனார்கள்.

சரி, மகன் விஷயம். போன சனிக்கிழமை பக்கத்து ரிங்குக்குப் போய், பையன்கள் உடை மாற்றும் அறையில் கோச் தனியாக இருப்பாரா என்று கேட்டேன். கவுன்ட்டரில் இருந்த பெண் தலைகூட நிமிரவில்லை. "எப்பவும் ரெண்டு பெரியவங்க இருக்கணும், அது ரூல்" என்று சொல்லிவிட்டுப் படிவத்தை நீட்டினார். கையெழுத்துப் போட்டேன்.