மெயில்பாக்ஸ் ஃபுல்லா? அவசரப்பட்டு டெலீட் பண்ணாதீங்க

கம்பெனில சிஸ்டம் பாக்குற தம்பிங்க மேல எனக்கு கோவம் எதும் இல்லீங்க, ஆனா "மெயில்பாக்ஸ் ஃபுல் ஆகப்போகுது, வேண்டாததை டெலீட் பண்ணுங்க"ன்னு எல்லாருக்கும் ஒரு மெயில் தட்டிவிடுறாங்க பாருங்க, அதுல எது வேண்டாததுன்னு யாரு சொல்றது? திருப்பூர் துணி கம்பெனில மெர்ச்சண்டைசரா (ஆர்டரை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பாத்துக்கறவர்) இருக்கறவங்களுக்குத் தெரியும், லேப் டிப் (கலர் சரியான்னு பாக்க சாயம் போட்ட சின்ன சாம்பிள் துணி) ஓகேன்னு பையர், அதாவது ஆர்டர் குடுத்த வெளிநாட்டுக்காரர், அனுப்பின ஒரு வரி மெயிலை மாசக்கணக்கா யாரும் திறந்துகூட பாக்க மாட்டோம், சரக்கு அங்க போய் இறங்கி "ஷேடு மாறியிருக்கு"ன்னு பணத்தைக் கழிச்சு டெபிட் நோட் வர்ற அன்னிக்கு அந்த ஒரு வரிதான் நம்மள காப்பாத்தும்.

அதனாலதான் யாரும் எதையும் அழிக்கறதில்ல. சோம்பேறித்தனம் இல்ல, பயம். நாளைக்கு யாரு மேல பழி விழும்னு தெரியாத ஆபீஸ்ல எல்லாரும் எல்லாத்தையும் சேத்துதான் வைப்பாங்க, ஒரு பட்டன் விஷயத்துக்கு எட்டு பேரை சிசி-ல போடுவாங்க. அப்புறம் இடம் பத்தலைன்னா எப்படி பத்தும், 10 எம்பி டெக் பேக் (டிசைன், அளவு எல்லாம் இருக்கற ஃபைல்) எட்டு பேருக்குப் போனா ஒவ்வொருத்தர் மெயில்பாக்ஸ்லயும் அது தனித்தனியா 10 எம்பி-க்கு மேலயே உக்காந்துக்குது, ஏன்னா மெயில்ல அட்டாச்மென்ட் போகும்போது எழுத்தா மாத்தி அனுப்புறதுல மூணுல ஒரு பங்கு கூடவே ஆகும். ரிப்ளை பண்ணா அட்டாச்மென்ட் பொதுவா போகாது, ஃபார்வர்டு பண்ணா திரும்ப மொத்தமும் போகும். நம்ம ஊர்ல ஃபார்வர்டுதான் ஜாஸ்தி.

சரி இடம் வேணும்னா? பெருசை மட்டும் பிடிங்க. ஜிமெயில் தேடுற இடத்துல இங்கிலீஷ்ல லார்ஜர்னு அடிச்சு கோலன் போட்டு 10எம்னு குடுத்தா 10 எம்பி-க்கு மேல இருக்கறது மட்டும் வரும். அவுட்லுக்ல சைஸ் வாரியா சார்ட் பண்ணுங்க. அதுல பாதி பழைய போட்டோஷூட் படமும் தீபாவளி வாழ்த்து வீடியோவுமாத்தான் இருக்கும், அதைத் தூக்குனாலே மூச்சு வந்துரும். அப்ரூவல் மெயில் எல்லாம் சில கேபி, அதை அழிச்சு ஒரு இடமும் மிச்சமாகாது.

உண்மையான ஆபத்து வேற இடத்துல இருக்கு. மெஷர்மென்ட் சார்ட் மூணு தடவ ரிவைஸ் ஆகியிருக்கும், சாம்பிளோட அளவைப் பாத்து பையர் சொல்ற ஃபிட் கமென்ட்ஸ் தனி மெயில்ல வந்திருக்கும், வெட்டறதுக்கு அளவு அட்டை போடுற பேட்டர்ன் மாஸ்டர் கையில இருக்கறது ரெண்டாவது பிரின்ட். கட்டிங் போட்டதுக்கப்புறம் செஸ்ட்ல அரை இஞ்ச் கம்மின்னா துணியை ஒட்டவா முடியும்? அப்புறம் திரும்ப துணி ஏற்பாடு பண்ணி தைச்சு, கப்பல்ல போக வேண்டியது ஃப்ளைட்ல போகும், லாபம் அங்கயே காலி. இதுக்கு மெயில்பாக்ஸ் க்ளீனா இருந்து என்ன பிரயோஜனம்? ஸ்டைல் நம்பருக்கு ஒரு ஃபோல்டர், அதுல இப்ப ஓடுற டெக் பேக் ஒண்ணே ஒண்ணு, பழசெல்லாம் உள்ளுக்குள்ள "பழையது"ன்னு இன்னொரு ஃபோல்டர்ல. பேருல "ஃபைனல்"னு போடவே போடாதீங்க, தேதி போடுங்க, அதுவும் வருஷம் முதல்ல, 2025-04-03 மாதிரி. வரிசையாவும் நிக்கும், அமெரிக்கா பையர் மாசத்தை முன்னாடி எழுதறதால 03/04 மார்ச்சா ஏப்ரலான்னு மண்டையை உடைக்கவும் வேண்டாம்.

வாட்ஸ்அப்பை மறந்துட்டேன்! பையர் சார்பா இங்க வேலை பாக்குற பையிங் ஆபீஸ்காரர் "ஓகே ப்ரொசீட்"னு வாட்ஸ்அப்ல போட்டுட்டு போயிருவாரு, நாமளும் தம்ஸ்அப் போட்டுட்டு வேலையை ஆரம்பிச்சுருவோம். உடனே ஒரு மெயில் போடுங்க, "நீங்க சொன்னபடி ஸ்டார்ட் பண்றோம்"னு. ரெண்டு நிமிஷ வேலைதான்.

அக்கவுன்ட்ஸ் பக்கம் இதைவிட மோசம். ஜிஎஸ்டி சட்டப்படி அந்த வருஷத்தோட ஆண்டு ரிட்டர்ன் கடைசி தேதியில இருந்து 72 மாசம் கணக்கு வச்சிருக்கணும், பிரைவேட் லிமிடெட்னா கம்பெனி சட்டம் 8 வருஷம்ங்குது. அந்த இன்வாய்ஸ் எல்லாம் எங்க இருக்குன்னா, வேலைய விட்டுப் போன ஒருத்தரோட மெயில்ல இருக்கும். அதுவும் மெயிலை சிஸ்டத்துக்கு இறக்கிட்டு சர்வர்ல அழிச்சுடுற பாப் செட்டிங்ல அவுட்லுக் ஓடுற கம்பெனில சர்வர்லயும் இருக்காது, ஏதோ ஒரு பழைய சிஸ்டத்தோட சி டிரைவ்ல பிஎஸ்டி ஃபைலா (அவுட்லுக் மெயிலையெல்லாம் சேத்து வைக்கிற ஃபைல்) தூங்கிட்டு இருக்கும், ஹார்ட் டிஸ்க் போச்சுன்னா எல்லாம் போச்சு.

என்னைக் கேட்டா இது முதலாளிங்க செய்ய வேண்டிய வேலை. ஒவ்வொரு பையருக்கும் கம்பெனில ஒரு பொது மெயில் ஐடி போட்டு அதையும் சிசி-ல வச்சா எட்டு பேரு தேவையில்ல. ஒருத்தர் ரிலீவ் ஆகும்போது லேப்டாப், ஐடி கார்டு, சிம் எல்லாம் எண்ணி வாங்குறாங்க, "நடக்குற ஆர்டர் ஃபைல் எல்லாம் எங்க வச்சிருக்கே"ன்னு மட்டும் யாரும் கேக்கறதில்ல. அடுத்த வாரம் அவருக்கே போன் போட்டு "தம்பி, அந்த பிபி சாம்பிள் (புரொடக்ஷனுக்கு முன்னாடி தைக்கிற சாம்பிள்) அப்ரூவல் மெயில் எங்கப்பா"ன்னு கெஞ்சுறது. அவரு போட்டி கம்பெனில உக்காந்து போனை எடுக்கறதே பெரிய விஷயமுங்க.