ரோமாபுரிச் சோதிடரும் சைபர்மேன்களும்

போன மாதம் 'ஐ, கிளாடியஸ்' தொடரை முதல்முறையாக முழுசாக உட்கார்ந்து பார்த்தேன். பிபிசி 1976-இல் எடுத்தது. அகஸ்டஸ் சீசரின் குடும்பத்துக்குள் நடக்கும் பதவிச் சண்டை, விஷம், துரோகம் எல்லாவற்றையும் ஸ்டூடியோவுக்குள்ளேயே எடுத்து முடித்திருக்கிறார்கள். அகஸ்டஸின் வளர்ப்பு மகன் திபேரியஸ் ரோட்ஸ் தீவில் ஒதுங்கிக் கிடக்கும் பகுதியில் த்ராசில்லஸ் என்று ஒரு சோதிடர் வருவார். வழுக்கிக்கொண்டு போகும் மெல்லிய குரல். பணிவாகத்தான் நிற்கிறார், ஆனால் அந்தப் பணிவுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கிறது. அங்கேயே படத்தை நிறுத்திவிட்டேன். இந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும்.

டோபியாஸ் வான்!

காலத்திலும் விண்வெளியிலும் பயணம் செய்யும் 'டாக்டர்' என்பவரைப் பற்றிய பிபிசி தொடர் 'டாக்டர் ஹூ'. அதில் 1968-இல் வந்த 'தி இன்வேஷன்' கதையின் வில்லன். பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி நடத்தும் முதலாளி, பூமியைப் பிடிக்கவரும் சைபர்மேன்கள் என்ற இயந்திர மனிதர்களோடு ரகசியமாகக் கூட்டு வைத்திருப்பவன். அந்த வேடத்தைச் செய்த கெவின் ஸ்டோனிதான் இந்தச் சோதிடர். தேடிப் பார்த்தால் இன்னொன்றும் தெரிந்தது. அதே 1968-இல் கிரனாடா என்ற டிவி கம்பெனி தயாரித்த 'தி சீசர்ஸ்' என்ற வேறொரு ரோமத் தொடரிலும் இதே த்ராசில்லஸாக அவர்தான் நடித்திருக்கிறார். ஒரே வருஷத்தில் ரோமாபுரிச் சோதிடர், சைபர்மேன்களின் கூட்டாளி. எட்டு வருஷம் கழித்து வேறொரு தயாரிப்பில் மறுபடியும் அதே சோதிடர்.

இதைப் பரவசமாக ஒரு நண்பரிடம் சொன்னேன். அவர் நிறைய படிப்பவர், நல்ல ரசனை உள்ளவர். "ஐ, கிளாடியஸ் சரிப்பா, அது கிளாசிக். டாக்டர் ஹூ எல்லாம் சின்னப் பசங்க பாக்குறது. அட்டைப்பெட்டி செட்டு, ரப்பர் பூதம். ரெண்டையும் ஏன் சேத்துப் பேசுற?" என்றார். அன்றிலிருந்து மனசுக்குள் உருண்டுகொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த நீளமான பதிவு.

இரண்டையும் நான் சேர்க்கவில்லை. அவை ஒரே பட்டறையில் செய்யப்பட்டவை. நடிகர், இயக்குநர், தயாரிப்பாளர், ஒத்திகைக் கூடம், சாப்பாட்டு மேசை வரைக்கும் ஒன்றுதான். அந்த நாளைய பிபிசியில் இயக்குநர்கள் பலர் மாதச் சம்பள ஊழியர்கள் அல்லது குறுகிய ஒப்பந்தக்காரர்கள். இந்த மாதம் போலீஸ் தொடர், அடுத்த மாதம் டிக்கன்ஸ் நாவல், அதற்கடுத்து 'டாக்டர் ஹூ'வின் வேற்றுக்கிரக எதிரிகளான டாலெக்குகள். கையில் வந்த வேலையைச் செய்தார்கள். 1970-இல் லண்டனின் ஆக்டன் பகுதியில் ஒத்திகைக்கென்றே ஒரு பல மாடிக் கட்டடம் திறந்தார்கள். அங்கே வேலை செய்தவர்கள் அதைச் செல்லமாக 'ஆக்டன் ஹில்டன்' என்பார்கள். தரையில் கலர் டேப் ஒட்டி, இது சுவர், இது வாசல் என்று அடையாளம் வைத்துக்கொள்வார்கள். ஒரு அறையில் அரண்மனை, பக்கத்து அறையில் விண்கலம். இரண்டிலும் இருப்பது வெறும் தரையும் டேப்பும்தான். மேல்மாடி கேன்டீனில் எல்லாத் தொடர்க்காரர்களும் ஒன்றாகத்தான் சாப்பிட்டார்கள். வெறும் டேப்பைப் பார்த்து 'இது ரோமாபுரி' என்று நம்பத் தெரிந்த நடிகருக்கு 'இது வேற்றுக்கிரகம்' என்று நம்புவது தனி வித்தை இல்லை.

'தி இன்வேஷன்' கதையில் ஒரு காட்சி. டோபியாஸ் வானின் பிடியில் வேலை செய்யும் வயசான பேராசிரியர் வாட்கின்ஸ் ஆத்திரத்தின் உச்சத்தில் நிற்கிறார். வானே ஒரு துப்பாக்கியை அவர் கையில் கொடுக்கச் செய்து, சுடு பார்க்கலாம் என்கிறான். அவர் சுடுகிறார். சட்டையில் ஓட்டை விழுந்து புகை கிளம்புகிறது. வான் அப்படியே நின்று சிரிக்கிறான். அவன் உடம்பு ஏற்கெனவே மனித உடம்பு இல்லை என்று நமக்கு அப்போதுதான் உறைக்கிறது. அந்த இடத்தில் தந்திரக் காட்சி என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, கொஞ்சம் புகை, அவ்வளவுதான். மீதி முழுக்க ஸ்டோனியின் முகம். ஒரு கண்ணைப் பாதி மூடியே வைத்திருப்பார். அதுவரைக்கும் தேன்போலப் பேசிக்கொண்டிருப்பவர் தன் காவல் தலைவன் பாக்கர்மேல் சீறிவிட்டு, மறு நொடியே விருந்தாளியிடம் புன்னகையோடு திரும்புவார். சக்கரவர்த்தியின் சினத்துக்குப் பக்கத்திலேயே வாழ்ந்து பிழைக்கும் சோதிடனை நடித்துப் பழகியவருக்கு இந்த இழை தெரியாதா?

இந்தக் கதையை இயக்கியவர் டக்ளஸ் கேம்ஃபீல்டு. அவர் எங்கிருந்து வந்தார் என்று பின்னோக்கிப் போனால் நம்ம பக்கத்து ஆள் ஒருவரிடம் போய் நிற்கும். வாரிஸ் ஹுசைன், 1938-இல் லக்னோவில் பிறந்தவர், எழுத்தாளர் அத்தியா ஹுசைனின் மகன். 1963 நவம்பர் 23 அன்று ஒளிபரப்பான 'டாக்டர் ஹூ'வின் முதல் கதையை இயக்கியவர் இவர்தான், அப்போது வயது 25 கூட ஆகவில்லை. தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட்டுக்கு அந்த வேலை கைக்கு வந்தபோது வயது 27. ஆண்கள் மட்டுமே கோலோச்சிய இடத்தில் ஒரு இளம்பெண்ணும் ஒரு இந்திய இளைஞரும். முதல் கதையில் குகை மனிதர்கள் வருவதைப் படித்தபோது கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு வந்த தனக்கு உற்சாகமே இல்லை என்று ஹுசைனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஆனாலும் அந்த முதல் 25 நிமிடங்களைப் பாருங்கள். பள்ளிக்கூடம், பழைய சாமான் கிடங்கு, மூடுபனி, ஒரு போலீஸ் பெட்டி. ஒரு அசட்டை தெரியாது.

அந்த இருவரும் அப்புறம் என்ன செய்தார்கள்? ஹுசைன் 1965-இல் பிபிசிக்காக 'எ பேசேஜ் டு இந்தியா' நாவலை நாடகமாக இயக்கினார். 1974-இல் பெண்கள் ஓட்டுரிமைக்காகப் போராடிய வரலாற்றைச் சொல்லும் 'ஷோல்டர் டு ஷோல்டர்' வந்தது. தயாரிப்பு லாம்பர்ட், இயக்குநர்களில் ஒருவர் ஹுசைன். அதில் எம்மலின் பாங்க்ஹர்ஸ்டாக நடித்தவர் ஷான் ஃபிலிப்ஸ். இரண்டே வருஷத்தில் அதே ஷான் ஃபிலிப்ஸ் 'ஐ, கிளாடியஸ்' தொடரில் அகஸ்டஸின் மனைவி லிவியாவாக வந்து எல்லோருக்கும் விஷம் வைத்தார்! 1978-இல் 'எட்வர்ட் அண்ட் மிஸஸ் சிம்ப்சன்', மறுபடியும் லாம்பர்ட், ஹுசைன். பாஃப்டா என்ற பிரிட்டிஷ் திரை விருது வாங்கிய தொடர். பீரியட் டிராமா, அதாவது பழைய காலத்துக் கதைத் தொடர், என்று உலகமே கும்பிடும் மரபில் 'டாக்டர் ஹூ'வைத் தொடங்கிவைத்தவர்களின் கைரேகை இருக்கிறது. இதை நண்பரிடம் சொன்னபோது கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார்.

ஹுசைனிடம் உதவியாளராக இருந்தவர்தான் கேம்ஃபீல்டு. 1964-இல் ஹுசைன் இயக்கிய 'மார்கோ போலோ' கதையிலும் வேலை செய்தார். அதன் ஏழு பகுதிகளும் இன்றைக்கு இல்லை. பிபிசி அழித்துவிட்டது, ஒலி மட்டும் மிஞ்சியிருக்கிறது. டேப் விலை அதிகம், மறுஒளிபரப்புக்கு வழி குறைவு என்று அந்தக் காலத்தில் அழித்தார்கள். இலக்கிய நாடகங்களும் அப்படியே போயின. எனக்கு இது நினைக்கும்தோறும் வயிறு எரிகிற விஷயம்.

கேம்ஃபீல்டு பட்டாளத்தில் இருந்தவர், படப்பிடிப்புத் தளத்தையும் அதே ஒழுங்கோடு நடத்துவாராம். போலீஸ் தொடர்களும் எடுத்தார், 'பிளேக்ஸ் 7' என்ற விண்வெளித் தொடரும் எடுத்தார். அவரிடம் தொழில் கற்றவர் கிரேம் ஹார்ப்பர். பழைய 'டாக்டர் ஹூ'வையும் 2005-க்குப் பிறகு வந்த புதியதையும் இயக்கிய ஒரே ஆள் ஹார்ப்பர்தான். 2007-இல் அவர் இயக்கிய 'யுடோப்பியா' என்ற 'டாக்டர் ஹூ' பகுதியில் பேராசிரியர் யானாவாக வந்தவர் யார் தெரியுமா? டெரெக் ஜேக்கபி. 'ஐ, கிளாடியஸ்' தொடரின் கிளாடியஸேதான்.

ஹுசைன், கேம்ஃபீல்டு, ஹார்ப்பர் என்று கைமாறி வந்த தொழில் கடைசியில் கிளாடியஸின் முகத்துக்கு நேரே கேமராவை வைக்கிறது. அண்டத்தின் கடைசிக் காலம். மிச்சமிருக்கும் மனிதர்களைக் காப்பாற்றப் பாடுபடும் சாதுவான கிழவர், சட்டைப்பையில் ஒரு பழைய கடிகாரம். அதைத் திறக்கிறார். வேஷம் மாறவில்லை, ஒப்பனை மாறவில்லை, கண் மட்டும் மாறுகிறது. பக்கத்தில் இருக்கும் உதவியாளரை அவர் திரும்பிப் பார்க்கும்போது நமக்கு முதுகு சில்லிடுகிறது.

'ஐ, கிளாடியஸ்' தொடரில் அகஸ்டஸ் சாகும் காட்சியும் இதே இனம்தான். இயக்குநர் ஹெர்பர்ட் வைஸ், நடிகர் பிரையன் பிளெஸ்ஸட். லிவியா பேசிக்கொண்டே இருக்கிறாள், கேமரா அகஸ்டஸின் முகத்தைவிட்டு நகரவே இல்லை. திறந்த கண்ணிலிருந்து உயிர் போவதை நாம் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். அந்த பிளெஸ்ஸட்தான் 1978-இல் 'பிளேக்ஸ் 7'-இல் சிறைக்கிரகத்தின் மதத்தலைவன், 1986-இல் 'டாக்டர் ஹூ'வில் தொண்டை கிழியக் கத்தும் அரசன் யிர்கானோஸ். இன்னும் இதே தொடரில் நடித்து விண்வெளிக் கதைகளிலும் வந்த ஜான் ஹர்ட், பேட்ரிக் ஸ்டூவர்ட், திபேரியஸாக நடித்த ஜார்ஜ் பேக்கர் என்று போனால் நள்ளிரவாகிவிடும்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2013-இல் வந்த 'பிராட்சர்ச்' என்ற துப்பறியும் தொடரை எழுதியவர், 'டாக்டர் ஹூ'வின் கிளைத்தொடரான 'டார்ச்வுட்'டில் எழுதிப் பழகிய கிறிஸ் சிப்னல். 'டாக்டர் ஹூ'வில் நாயகனாக நடிப்பவர் மாறிக்கொண்டே வருவார்; இதில் துப்பறிபவராக வருவது பத்தாவது டாக்டரான டேவிட் டென்னன்ட். பாதிரியார், 'டாக்டர் ஹூ'வில் டாக்டரின் பயணத் தோழன் ரோரியாக வந்த ஆர்தர் டார்வில். இயக்கிய ஜேம்ஸ் ஸ்ட்ராங்கும் யூரோஸ் லினும் 'டாக்டர் ஹூ' இயக்கியவர்கள். அதில் மகனைப் பறிகொடுத்த தாயாக உருக்கிய ஜோடி விட்டேக்கர் 2017-இல் பதின்மூன்றாவது டாக்டராக அறிவிக்கப்பட்டார். அப்போது சிலர் 'இவருக்கு இதெல்லாம் வருமா' என்று கேட்டதைப் படித்துக் கோபம்தான் வந்தது. அந்தத் தாயைப் பார்த்தவர்கள் கேட்கிற கேள்வியா அது?

நண்பருக்கு 'தி இன்வேஷன்' அனுப்பியிருக்கிறேன். இரண்டு பகுதிகள் தொலைந்து அனிமேஷனாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவைத்தேன். எனக்கு 'ஷோல்டர் டு ஷோல்டர்' பாக்கி. இந்த வாரம் அதை ஆரம்பிக்கிறேன். பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சேர்ந்து பேசலாம்.