காசு இறுகிய வருஷத்தில் நம்ம ஊர் மலையும் எட்டவில்லை

2025 முழுக்க எங்கள் வீட்டில் யாரும் எங்கேயும் போகவில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தில் இருந்துகொண்டு ஒகேனக்கலுக்குக்கூடப் போகவில்லை. மாங்காய் உள்ள வீட்டுக்காரர்களுக்குக் காரணம் சொல்லவே வேண்டாம். ஜூனில் ஆந்திராவின் சித்தூர் பக்கம் வெளிமாநில பெங்களூரா ரக மாங்காய் வரக் கூடாது என்று தடுத்தார்கள், இங்கே மாங்கூழ் பேக்டரிகளும் சரியாக வாங்கவில்லை, கிலோ நான்கைந்து ரூபாய்க்குக் கேட்டால் பறிக்கிற கூலிக்கும் வண்டி வாடகைக்கும் எங்கே போவது? எத்தனையோ தோட்டத்தில் காயை மரத்திலேயே விட்டுவிட்டார்கள். எங்களுக்கு மாங்காய்க் காசு வந்த பிறகுதான் ஸ்கூல் பீஸ், நகையை மீட்பது, அப்புறம் மிச்சம் இருந்தால் ஒரு நாள் வெளியே போவது. மிச்சம் இருக்கவில்லை.

அதே ஜூனில்தான் காவிரியில் வெள்ளம். கிருஷ்ணராஜ சாகர் ஜூனிலேயே நிரம்பியது, மேட்டூர் 29ஆம் தேதி 120 அடியைத் தொட்டது. டெல்டாவை நினைத்தால் சந்தோஷம்தான். ஆனால் அவ்வளவு தண்ணீர் வந்தால் ஒகேனக்கலில் பரிசல் ஓடாது, அருவியில் குளிக்கவும் விடமாட்டார்கள். அப்படி அடைத்துவிட்டால் பரிசல் ஓட்டுகிறவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், மீன் வறுக்கிற அக்காக்கள் என்று அத்தனை பேருக்கும் அன்றைக்குக் கூலி கிடையாது. போக முடியாத எங்களைவிட அவர்கள் கஷ்டம் பெரிது.

எனக்கு மனசு ஆறாதது வேறு ஒன்று. காசு இறுகினால் முதலில் வெட்டுவது பிள்ளைகளை வெளியே கூட்டிப்போகிற செலவைத்தான். டிவி ரீசார்ஜ்கூட அப்புறம்தான். ஆடம்பரம் என்று நினைத்துவிடுகிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. மேலகிரியில் யானை நடக்கிறது, சின்னாறு ஓடுகிறது, இதே மாவட்டத்தில் பிறந்த பிள்ளை அதையெல்லாம் யூடியூபில் பார்த்து வளர்வது எனக்குச் சம்மதமில்லை.

2024 அக்டோபரில் அரசு மலையேற்றத் திட்டம் தொடங்கியது, தமிழ்நாடு முழுக்க 40 பாதை, நம்ம பக்கம் குத்திராயன் சிகரமும் உண்டு. நல்ல திட்டம், மலையோர ஊர்ப் பையன்களுக்கே வழிகாட்டி வேலை கிடைக்கிறது. 2018இல் குரங்கணித் தீயில் இருபதுக்கும் மேல் உயிர் போனபிறகு அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது என்பதிலும், கோடையில் தீ பயத்துக்காகப் பாதையை மூடுவதிலும் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் கட்டணத்தைப் பாருங்கள். ஆன்லைனில் புக் செய்து கார் எடுத்துக்கொண்டு பெங்களூரில் இருந்து வருகிறவருக்கு அது சரிதான். தேன்கனிக்கோட்டையிலோ அஞ்செட்டியிலோ அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு? மாதத்தில் ஒரு நாள் அந்தந்த மாவட்டப் பள்ளிப் பிள்ளைகளை இலவசமாக ஏற்றிவிடுங்கள், டீச்சர் ஒருவர் கூடப் போகட்டும். இதை நான் கெஞ்சலாகக் கேட்கவில்லை, உரிமையாகவே கேட்கிறேன்.

மலைதான் வேண்டும் என்றும் இல்லை. மயிலாடும்பாறை தொகரப்பள்ளி பக்கம்தான் இருக்கிறது. அங்கே அகழாய்வில் கிடைத்த இரும்பு சுமார் 4200 வருஷம் பழையது, கி.மு. 2172 என்று 2022இல் சட்டசபையிலேயே அறிவித்தார்கள். மல்லசந்திரத்தில் பாறை மேல் வரிசையாகக் கல்திட்டைகள், அதாவது பழங்காலத்து ஈமச்சின்னங்கள், நிற்கின்றன. இரண்டுமே பாடப்புத்தகத்தில் படிப்பதைவிட நேரில் நின்று பார்க்க வேண்டிய இடம். ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு பஸ் விட்டால் போதும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, அம்மாவும் பொண்ணும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போய்விட்டு வந்துவிடலாம். தர்மபுரி பக்கத்து வத்தல்மலைக்கு பஸ் விட்டபிறகு சந்தைக்கு வருவதும் ஆஸ்பத்திரிக்கு வருவதும் எவ்வளவு சுலபமாகிவிட்டது என்று மலை ஊர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள்.

காசு வரும் என்று காத்திருக்கப் போவதில்லை. வெயில் ஏறும் முன்னே பிள்ளைகளை மயிலாடும்பாறைக்குக் கூட்டிப்போகிறேன். பர்கூர் பஸ் ஸ்டாண்டில் இருந்து அந்தப் பக்கம் ஞாயிறு காலையில் எத்தனை மணிக்கு பஸ், கடைசி பஸ் திரும்ப எப்போது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் தெருவில் இருந்து இன்னும் இரண்டு குடும்பம் வருகிறோம் என்கிறார்கள்.