உண்மைக் கமராவா, போலிக் கமராவா?

அறிவியல்நகர், பம்பைமடு பல்கலைக்கழக வளாகங்களில் இறுதியாண்டுச் செயற்றிட்டத்துக்குக் கமராவை நம்பிச் செயலி எழுதும் தம்பி, தங்கச்சிமாருக்கு.

"எமுலேற்றரில் (கணினிக்குள் போனைப்போல நடிக்கும் மென்பொருளில்) சோதிப்பதா, போனில் சோதிப்பதா?" என்ற கேள்வியில் இரண்டு கேள்விகள் ஒட்டிக் கிடக்கின்றன. செயலி எதில் ஓடுகிறது என்பது ஒன்று, படம் எங்கிருந்து வருகிறது என்பது மற்றது. உண்மைப் போனில் செயலியை ஓடவிட்டு, படத்தை மட்டும் கோப்பிலிருந்து கொடுக்கலாம். 8 ஜிபி ரம் உள்ள மடிக்கணினியில் செயலி எழுதும் மென்பொருளான அன்ட்ரொயிட் ஸ்ரூடியோவோடு எமுலேற்றரையும் திறந்தால் அதற்கு மூச்சு முட்டும். வயரில் போனைக் கொழுவுவது எவ்வளவோ இலேசு. எங்கள் பிள்ளைகளுக்கு ஏற்றது இந்த வழிதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

நெல் இலையில் கபிலப் புள்ளி தேடும் செயலி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் வயலுக்கு ஓட முடியாது. அரிவு வெட்டு முடிந்தால் இலையே இல்லை. வெயிலும் முகிலும் மாறமாற விடையும் மாறும், பிழை நிரலிலா வெளிச்சத்திலா என்று பிரித்தறிய இயலாது. ஒரே வீடியோவைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால்தான் நேற்றைய விடையோடு இன்றைய விடையை ஒப்பிடலாம். ஆகவே கமராவைத் தொடும் நிரலை ஒதுக்கி, "அடுத்த பிறேமை (வீடியோவின் அடுத்த தனிப்படத்தை) தா" என்று கேட்கும் ஒரேயொரு வாசலை வையுங்கள். வாசலுக்குப் பின்னால் கமரா நிற்கிறதா கோப்பு நிற்கிறதா என்பது மற்றப் பகுதிகளுக்குத் தெரியவே கூடாது.

அந்த வீடியோ எங்கள் வயலில், சாதாரணப் போனில் எடுத்ததாக இருக்கட்டும். வாட்ஸப்பில் வீடியோவாக அனுப்பி வாங்காதீர்கள், அது மறுபடி அமுக்கிச் சிறு புள்ளிகளைக் கரைத்துவிடும். வயரால் பிரதி எடுங்கள். இணையச் செயலியென்றால் குரோம் உலாவியே கமராவுக்குப் பதிலாகக் கோப்பை வாசிக்கும். வை4எம் அல்லது எம்ஜேபெக் என்ற வீடியோக் கோப்பு வடிவம் வேண்டும். வை4எம் அமுக்கப்படாதது: 640×480 இல் ஒரு பிறேம் 460,800 பைற், விநாடிக்கு 30 பிறேம் என்றால் 10 விநாடிக்கே ஏறத்தாழ 138 எம்பி. சிறு துண்டுகளாக வெட்டி வைத்திருங்கள்.

இனி, கோப்பு ஒருபோதும் காட்டாத பிழைகள். கடைசி வாரத்தில் மாட்டுப்படுவது இங்கேதான்.

பதிவான வீடியோவில் போகஸையும் வெளிச்ச அளவையும் கமரா ஏற்கெனவே தீர்மானித்து முடித்துவிட்டது. உங்கள் நிரல் அந்தத் தீர்மானங்களோடு மல்லுக்கட்டுவதேயில்லை. நேரடிக் கமராவில் வானம் உள்ளே வந்தவுடன் இலை கறுத்துப்போகும். மங்கிய இடத்தில் ஒளி சேர்க்கும் நேரம் நீண்டு, 30 பிறேம் 15 ஆக விழலாம். பிறேமை எண்ணி நேரம் கணித்த நிரல் அங்கே பிழைவிடும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், பழைய ரியூப் லைற் விநாடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டர் நேரம், அதாவது ஒளி சேர்க்கும் நேரம், 1/100 விநாடியின் மடங்காக இல்லாவிட்டால் படத்தில் கறுப்புப் பட்டிகள் ஓடும். எமுலேற்றரின் கமரா காட்டும் மெய்நிகர் அறையில் அந்த லைற் இல்லை.

அன்ட்ரொயிட்டின் கமரா நிரலகமான கமராஎக்ஸில் ஆராய்ந்து முடித்த பிறேமை மூடாமல் விட்டால் முதல் படத்தோடு ஓட்டம் நின்றுவிடும். சில போன்களில் படத்தரவின் ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் படத்தில் சேராத நிரப்புப் பைற்றுகள் இருக்கும். படத்தின் அகலத்தையே வரிசை நீளமாக எடுத்தால் படம் சரிந்து கிழியும். கமராவின் சென்சர் பெரும்பாலும் 90 பாகை திரும்பியே பொருத்தப்பட்டிருக்கும் என்பதையும் மறக்கவேண்டாம்.

இணையச் செயலிக்காரருக்கு இன்னொன்று. மடிக்கணினியின் லோக்கல்ஹோஸ்ற்றில் (ஒரு கருவி தன்னையே குறிக்கும் முகவரியில்) வேலைசெய்த பக்கத்தைப் போனில் 192.168 என்று தொடங்கும் முகவரியில் திறந்தால் கமரா கிடைக்காது. லோக்கல்ஹோஸ்ற் அல்லாத முகவரியில் எச்ரிரிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாததால் உலாவி அனுமதி கேட்கவே மாட்டாது. கணினியிலிருந்து அன்ட்ரொயிட் போனுக்குக் கட்டளை கொடுக்கும் ஏடிபி கருவியின் ரிவேர்ஸ் கட்டளையால் போனின் லோக்கல்ஹோஸ்ற்றை மடிக்கணினிக்குத் திருப்பிவிடுங்கள்.

வெளியிடமுன் குறைந்தது இரண்டு போன்கள், அதில் ஒன்று மலிவானது. நண்பகல் வயல் வரம்பில் ஒருமுறை, பொழுதுபடும் நேரம் ஒருமுறை, ரியூப் லைற்றின் கீழ் ஒருமுறை. அனுமதியை மறுத்துப் பாருங்கள். ஓடும்போது வேறொரு செயலியில் கமராவைத் திறந்துவிட்டுத் திரும்பி வாருங்கள். பிறகு 15 நிமிடம் நிறுத்தாமல் ஓடவிடுங்கள், போன் சூடேறி வேகம் குறைகிறதா என்பது அப்போதுதான் தெரியும்.