அம்மம்மாவின் கடிதங்களைப் பழைய பேப்பரோட போடாதேங்கோ

லண்டன் பிரித்தானிய நூலகத்தில் நாலு கடிதங்கள் இருக்கின்றன. ஆங்கில நாவலாசிரியை ஷார்லட் பிராண்டே 1844, 1845ஆம் ஆண்டுகளில் பிரசெல்ஸில் தனக்குப் படிப்பித்த ஹெகருக்கு எழுதியவை. ஹெகர் பெண்சாதி பிள்ளைகளோடு வாழ்ந்த மனிசன். அவர் கிழித்துப் போட்டதைப் பெண்சாதி பொறுக்கி எடுத்தார் என்பதுதான் அந்தக் குடும்பம் சொன்ன கதை. மூன்று கடிதங்கள் துண்டு துண்டாகக் கிழிபட்டு, பிறகு ஒட்டியும் நூலால் தைத்தும் பொருத்தப்பட்டவை. நாலாவது கிழியவில்லை. ஆனால் அதன் ஓரத்தில் ஹெகர் பென்சிலால் ஒரு சப்பாத்துக்காரரின் முகவரியைக் குறித்து வைத்திருக்கிறார். பதில் வராதா என்று ஒருத்தி தவித்து எழுதின கடிதத்தில்! எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை.

1845 தை மாதக் கடிதத்தில், பணக்காரரின் மேசையிலிருந்து விழுகிற பாண் துணிக்கையே ஏழைக்குப் போதும் என்று எழுதுகிறார். அப்போது அவருக்கு 28 வயது. அவருக்குப் பேர் வாங்கிக் குடுத்த ‘ஜேன் அயர்’ நாவல் வர இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறது.

அவருடைய வாழ்க்கை வரலாற்றை 1857இல் எழுதிய எலிசபெத் காஸ்கெல் இந்தக் கடிதங்களைப் பற்றி அறிந்திருந்தும் ஏக்கத்தை மறைத்துவிட்டார். நல்லெண்ணம்தான். ஆனாலும் கடிதங்கள் அச்சில் வெளிவந்த 1913 வரை உலகம் பார்த்தது அரைவாசி ஷார்லட்டைத்தான். ஷார்லட் தன் சிநேகிதி எலன் நஸிக்கு எழுதின கடிதங்களுக்கும் ஆபத்து வந்தது. இப்படியான கடிதங்கள் தீக்குச்சி மாதிரி ஆபத்தானவை, எரித்துவிட வேணும் என்று ஷார்லட்டின் புருசன் நிக்கல்ஸ் 1854இல் சொன்னார். எலன் எரிக்கவில்லை. அந்த மனுசியைக் கையெடுத்துக் கும்பிட வேணும்.

எங்கட பக்கம் வருவோம். ஹெகர் கடிதங்கள் வெளிவந்த அடுத்த வருடம், 1914இல், மங்களநாயகம் தம்பையாவின் நாவல் வந்தது. ஈழத்தின் முதல் தமிழ்ப் பெண் நாவலாசிரியர் என்று அவரைப் படிக்கிறோம். அவர் ஒரு சிநேகிதிக்கு என்ன எழுதியிருப்பார் என்று வாசிக்க எனக்கு அவ்வளவு ஆசை.

1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டதை வருடா வருடம் நினைக்கிறோம், நினைக்கத்தான் வேணும். அதே நாங்கள் வெள்ளவத்தையில் பழைய வீட்டை ஃபிளாட் கட்டக் குடுக்கும்போதும், கனடா விசா சரிவந்ததும், கடிதக்கட்டைப் போத்தல் பேப்பர்காரருக்குத் தூக்கிக் குடுக்கிறோம். என் பெரியம்மா ஒருவர் சிறுகதை எழுதினவ. அவவின் எட்டுச் செலவு முடிந்த கையோடு, நீல ஏரோகிராம் கட்டு ஒன்று கிணற்றடியில் எரிந்தது. “குடும்ப விசயம் வெளியில போகக்கூடாது” என்றார்கள்.

செத்தவரின் அந்தரங்கத்தைக் கிண்டுவது சரியா என்று கேட்பவர்களின் கூச்சம் எனக்கு விளங்குகிறது. ஷார்லட்டும் விரும்பியிருக்க மாட்டார். ஆனால் எரிப்பதற்கும் ஊருக்குக் காட்டுவதற்கும் இடையில் எவ்வளவோ வழி இருக்கிறது. கட்டை அவிழ்க்காமல் வையுங்கோ. கறையான் படாத இடத்தில் வையுங்கோ. வைக்க இடமில்லையென்றால் தேசிய சுவடிகள் திணைக்களத்திடமோ, ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்தில் சேர்த்து வைக்கிற நூலகம் நிறுவனத்திடமோ கேட்டுப் பாருங்கோ. இத்தனை வருடத்துக்குத் திறக்கக்கூடாது என்று எழுதிக் குடுக்க முடியுமா என்றும் கேளுங்கோ. ஹெகரின் பிள்ளைகளும் தாய் தகப்பன் இரண்டு பேரும் கண்மூடின பிறகுதான் அந்த நாலையும் குடுத்தவை.