‘தடைக்கு முந்தைய மாடல்’ என்று கூடுதல் காசு கேட்கிறவர்கள்

ஆன்லைனில் பழைய வாக்யூம் கிளீனர் ஒன்றைத் தேடிப் பாருங்கள். நான் இருக்கும் லண்டனில் இந்த வியாபாரம் இன்றும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. “2000 வாட். தடைக்கு முந்தைய மாடல். பெட்டி பிரிக்காதது. இனி கிடைக்கவே கிடைக்காது.” விலையைப் பார்த்தால், அதே மாடல் கடையில் இருந்தபோது விற்ற விலையைப் போல இரண்டு மடங்கு, சில இடங்களில் அதற்கும் மேல். வாங்கவும் ஆள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலும் வயதானவர்கள்தான் என் கண்ணில் படுகிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு.

இவர்கள் ‘தடை’ என்று சொல்லும் விதி என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் கொண்டுவந்தது. 2014 செப்டம்பர் 1 முதல் சந்தைக்கு வரும் வாக்யூம் கிளீனரின் மோட்டார் 1600 வாட்டுக்குக் குறைவாக இருக்க வேண்டும். 2017 செப்டம்பர் 1 முதல் 900 வாட்டுக்குக் குறைவாக. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியே வந்த பிறகும் இந்த வரம்பை அப்படியே வைத்துக்கொண்டது. ஏற்கெனவே கடையில் இருந்த சரக்கை விற்கத் தடையில்லை. வீட்டில் வைத்திருப்பவர் பயன்படுத்தவும் தடையில்லை. பேட்டரியில் ஓடுபவையும் ரோபோ வகைகளும் இந்த விதிக்குள்ளேயே வராது.

ஆனால் மக்கள் காதில் விழுந்தது “தடை” என்ற ஒரு சொல் மட்டும்தான். 2014 ஆகஸ்ட் கடைசியில் இங்கே கடைகளில் ஒரே கூட்டம். ‘விச்?’ என்ற நுகர்வோர் அமைப்பே, 2013 ஜனவரி முதல் தாங்கள் ‘சிறந்த தேர்வு’ என்று பரிந்துரைத்த ஏழு மாடல்களில் ஐந்து 1600 வாட்டுக்கு மேற்பட்டவை, வேண்டுமென்றால் இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொன்னது. அவர்கள் சொன்னது உண்மைத் தகவல்தான். ஆனால் நல்ல மெஷின்களை எல்லாம் அரசாங்கம் பிடுங்கிக்கொண்டு போகிறது என்ற எண்ணம்தான் ஊர் முழுக்கப் பரவியது. அந்த எண்ணத்தை வைத்துத்தான் இன்றைக்கும் காசு பார்க்கிறார்கள்.

வாட் என்பது மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்பதன் அளவு. தூசியை எவ்வளவு இழுக்கிறது என்பது வேறு கணக்கு. அது காற்றோட்டம், தரையில் படும் தலைப்பகுதியின் அமைப்பு, காற்று கசியாத மூட்டுகள், ஃபில்டர் எல்லாம் சேர்ந்து முடிவாவது. வடிவமைப்பு மோசமான 2000 வாட் மெஷினில் பாதி கரண்ட் சூடாகவும் சத்தமாகவும்தான் போகும். இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த, சிவப்பு உடம்பில் சிரித்த முகம் வரைந்த ‘ஹென்றி’யை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு 1200 வாட்டில் வந்தது, இப்போது 620 வாட். அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் துப்புரவு வேலை செய்பவர்கள் அதைத்தான் இன்னும் இழுத்துக்கொண்டு போகிறார்கள். உதவாத மெஷின் என்றால் தினமும் அதையே நம்பி வேலை பார்ப்பவர்கள் எப்போதோ தூக்கிப் போட்டிருப்பார்கள்.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார், ஊரில் திருச்சிப் பக்கம். போன வருடம் இப்படி ஒன்றை வாங்கிவிட்டு என்னைக் கூப்பிட்டார். “தம்பி, இனிமே இந்த மாடல் வராதாமே. கூடப் போனா போகுதுன்னு வாங்கிட்டேன், ஆனா ஒரு மாதிரி நாத்தம் வருது” என்றார். பெட்டி உண்மையிலேயே புதுசுதான், டேப் கூடப் பிரிக்காதது. உள்ளே மோட்டாருக்கு முன்னால் இருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரைத் தொட்டேன். விரலில் மாவு மாதிரி உதிர்ந்தது. பத்து வருடத்துக்கு மேல் பெட்டிக்குள் கிடந்த ஸ்பாஞ்ச் வேறு எப்படி இருக்கும்? பிரஷ்ஷைச் சுற்றும் ரப்பர் பெல்ட்டில் வெடிப்பு. நாற்றம் அதிலிருந்துதான். விற்றவரைக் கேட்டால், “நான் தனி ஆள், கடை இல்லை, திரும்ப எடுக்க மாட்டேன்” என்று பதில். தயாரிப்பாளர் தந்த வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. அந்த மாடலுக்கு பெல்ட் தேடினோம், கிடைக்கவில்லை.

இதில் வருத்தம் என்னவென்றால், அவர் கூடுதல் காசு கொடுத்ததே அது ரொம்ப நாள் உழைக்கும் என்று நம்பித்தான். ஆனால் 2017 கட்டத்தில் விதி வாட்டை மட்டும் குறைக்கவில்லை. ஹோஸ் 40,000 முறை வளைத்தாலும் கிழியக்கூடாது, மோட்டார் குறைந்தது 500 மணி நேரம் ஓட வேண்டும், சத்தம் 80 டெசிபலைத் தாண்டக்கூடாது என்றெல்லாம் சேர்த்துத்தான் சொன்னது. இதை எல்லாம் யார் அவரிடம் சொன்னார்கள்? தேதியை அறிவித்ததோடு சரி.

மின் கட்டணத்தையும் போட்டுப் பார்ப்போம். வாரம் ஒரு மணி நேரம் பெருக்கினால், 2000 வாட்டுக்கும் 900 வாட்டுக்கும் வித்தியாசம் வருடத்துக்கு 57 யூனிட். யூனிட் 25 பென்ஸ் என்றால் 14 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். பெரிய தொகை இல்லைதான். ஆனால் மெஷினுக்கே இரண்டு மடங்கு கொடுத்த பிறகு, வருடா வருடம் அதையும் ஏன் கட்ட வேண்டும்?

சரி, வாங்குகிறவர் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாமே என்று கேட்கலாம். எதை வைத்து ஒப்பிடுவது? 2014-ல் வாக்யூம் கிளீனருக்கும் ஏ, பி, சி என்று தர லேபிள் வந்தது. கார்பெட்டில் எப்படி, வெறுந்தரையில் எப்படி, வெளியே விடும் காற்றில் எவ்வளவு தூசி என்று தனித்தனியாகப் போட்டிருக்கும். ஆனால் சோதனை நடந்தது தூசி சேரும் பை காலியாக இருக்கும்போது. வீட்டில் யாரும் காலிப் பையோடு பெருக்குவதில்லை என்று, வாக்யூம் கிளீனர் தயாரிக்கும் டைசன் நிறுவனம் வழக்குப் போட்டது. 2018 நவம்பரில் ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் லேபிளையே ரத்து செய்தது. 2019 ஜனவரியிலிருந்து லேபிள் இல்லை. டைசன் சொன்னது நியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்த இடத்தில் சரியான சோதனையோடு புது லேபிளைச் சட்டென்று கொண்டுவந்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. வரம்பு இருக்கிறது, அளவுகோல் போய்விட்டது. வாங்குகிறவர் கண்ணில் படும் ஒரே எண் விற்பவர் பெரிதாக எழுதிப் போடும் வாட் எண்தான். இந்த விலையேற்றம் இத்தனை வருடம் நீடிப்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

வாக்யூமில் போனது காசு மட்டும். குண்டு பல்பு விஷயத்தில் இன்னும் மோசம். 2009 செப்டம்பரில் 100 வாட் பல்பிலிருந்து ஆரம்பித்து 2012-க்குள் படிப்படியாக நிறுத்தினார்கள். அந்த பல்பு இழுக்கும் கரண்டில் 90 சதவீதத்துக்கு மேல் சூடாகத்தான் போகிறது, நிறுத்தியது சரியான முடிவு. ஆனால் வெளிச்சம் பட்டாலே தோல் எரிந்து தடிக்கும் நோய் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அப்போது மாற்றாகச் சொன்னது சி.எஃப்.எல் என்ற குழல் பல்பு. அதிலிருந்து வரும் புற ஊதாக் கதிரும் நீல ஒளியும் இவர்களுக்கு ஆகாமல் போகலாம், ஒன்றியம் முழுக்க சுமார் 2,50,000 பேர் வரை பாதிக்கப்படலாம் என்று ஐரோப்பிய ஆணையத்தின் அறிவியல் குழுவே 2008-ல் எழுதியது. தெரிந்தே செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். இரட்டைக் கண்ணாடி உறை போட்ட சி.எஃப்.எல் போதும் என்று அந்தக் குழு யோசனையும் சொன்னது. ஆனால் அது போதாதவர்கள் என்ன செய்தார்கள்? ஆன்லைனில் போய் நின்றார்கள். அதிர்வு தாங்கும் தொழிற்சாலை பல்புக்கு விதியில் விலக்கு இருந்ததால், அந்தப் பெயரில் குண்டு பல்பு விற்றுக்கொண்டிருந்தது. விலை மட்டும் பழைய விலை இல்லை. எரிந்து போனால் மறுபடி வாங்கியாக வேண்டிய பொருள் அது. ஆசைக்கு வாங்குகிறவர் விலை அதிகம் என்றால் விட்டுவிடலாம். நோயாளி விட முடியாது. எல்.இ.டி வந்த பிறகு பலருக்கு நிலைமை தேவலை, எல்லோருக்கும் இல்லை.

மருத்துவச் சீட்டு இருந்தால் பழைய விலைக்கே மருந்துக்கடையில் பல்பு கிடைக்கும் என்று ஓர் ஏற்பாடு செய்திருக்கலாம். விதியை எழுதியவர்களுக்கு அது பெரிய வேலையே இல்லை.

இன்னொன்று, உதிரிபாகம். 2021-ல் இங்கே வந்த விதிப்படி வாஷிங் மெஷின், பாத்திரம் கழுவும் மெஷின், ஃப்ரிட்ஜ், டி.வி ஆகியவற்றுக்கு மாடல் நின்ற பிறகும் பல வருடம் பாகங்கள் கொடுத்தாக வேண்டும். வாஷிங் மெஷினுக்குச் சில பாகங்கள் பத்து வருடம் வரை. வாக்யூம் கிளீனர் அந்தப் பட்டியலில் இல்லை. இருந்திருந்தால் அக்கா இதற்கு முன் வைத்திருந்த மெஷினுக்கு ஒரு மோட்டார் வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பார். ‘தடைக்கு முந்தைய மாடல்’ பக்கம் தலைவைத்தே படுத்திருக்க மாட்டார்.

பதுக்கி வைத்து விற்பவர்களைச் சந்தையில் இதெல்லாம் சகஜம் என்று விட்டுவிட எனக்கு மனசில்லை. விற்கட்டும். ஆனால் எந்த வருடத்துச் சரக்கு, பாகங்கள் கிடைக்குமா, வாரண்டி உண்டா என்று எழுதாமல் “தடை” என்று மட்டும் எழுதி விற்பதை அந்தத் தளங்கள் அனுமதிக்கக் கூடாது.

வீட்டில் பெரியவர்கள் இப்படி ஏதாவது வாங்கப் போனால், விற்பவர் பதிவு செய்த வியாபாரியா என்று முதலில் பாருங்கள். வியாபாரி என்றால் இங்கே ஆன்லைனில் வாங்கிய பொருளை 14 நாளுக்குள் ரத்து செய்ய உரிமை உண்டு, தனி ஆளிடம் அது கிடையாது. அப்புறம், பிரிட்டனில் இருப்பவர்களில் வெளிச்சம் ஒத்துக்கொள்ளாத நோய் உள்ளவர்கள் யாராவது இதைப் படித்தால், பல்புக்கு இப்போது என்ன செய்கிறீர்கள், எவ்வளவு கொடுக்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். பெயர் போட விருப்பமில்லை என்றால் இன்பாக்ஸில் அனுப்புங்கள். எங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன், அதில் சேர்க்க வேண்டும்.