கோட்டை மதிலுக்குச் சீமெந்து வேண்டாம்

திருகோணமலை பிரெட்றிக் கோட்டை மதிலின் கல் இடுக்குகளைச் சீமெந்தால் அடைக்கலாம் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. அந்த யோசனை சரிவராது. கடற்காற்றின் உப்பு ஈரத்தோடு சுவருக்குள் இறங்கும். சீமெந்து அதை வெளியே விடாது. கருங்கல் தாங்கும், ஆனால் முருகைக்கல் (கடல் பவளக்கல்), செங்கல் முகமெல்லாம் பொருக்குப் பொருக்காய் உதிரும், சீமெந்து மட்டும் வரம்பு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும்.

பழைய சாந்தை உளியால் சுரண்டுங்கள், இடுக்கின் அகலத்தைப் போல் 2 மடங்கு ஆழத்துக்கு. மின்சாரக் கிரைண்டர் வேண்டாம், அது கல் விளிம்பைத் தின்றுவிடும். தண்ணீர் தெளித்துவிட்டு, ஒரு மாதமாவது தண்ணீரில் ஊறிய சுண்ணாம்புக் களி 1 பங்கு, ஆற்றுமணல் 3 பங்கு கலந்த சாந்தால் அடையுங்கள். கடல்மணலைத் தொடவே கூடாது. கச்சான் என்ற வறண்ட சூட்டுக்காற்று அடிக்கும்போது ஈரச்சாக்குத் தொங்கவிடாவிட்டால் புதுச் சாந்து வெடிக்கும். மாரியில் இறுகாமலே கழுவுண்டு போகும். பங்குனி, சித்திரைதான் தோது.